குரங்குக்குத் தீர்வை இல்லை

அண்ணனுக்கு இளைப்பு. கொழும்பில் எங்கள் தெருவில் இருந்த அத்தனை பேரும் அவருக்குச் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: "சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போய் அருவியில் நில்லு, நெஞ்சிலுள்ள சளியெல்லாம் கரைந்து ஓடிவிடும்." நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள். இளைப்புக்காரனைக் குளிர்ந்த தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்துவது எந்த ஊர் வைத்தியம் என்று கேட்டேன். நர்ஸின் பேச்சை டாக்டர்களே கேட்பதில்லை, கூடப்பிறந்தவரா கேட்பார்? துறைமுக ஆபீசில் லீவு வாங்கிவிட்டார். அவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் கிளம்பினேன். எங்கள் பெற்றோர் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள். அவர்கள் பிறந்த சீமையைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற ஆசையும் இருந்தது.

தென்காசியில் இறங்கும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. கொழும்பு மழை தலையில் குடத்தைக் கவிழ்க்கும். இது ஈரத்துணியால் முகத்தை ஒற்றி எடுப்பதுபோல் இருந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு காப்பிக் கிளப்பில் ஆவி பறக்க இட்லியும் மிளகாய்ப்பொடியும் போட்டார்கள். அண்ணனுக்கு நெஞ்சில்தான் இளைப்பு, வயிற்றில் இல்லை என்பதை அந்தக் கிளப்புக்காரர் கண்ணாரக் கண்டார்.

ஜட்காக்காரர் மைதீன் கடையநல்லூர்க்காரர். பாதி வழியில் குதிரை நின்றுவிட்டது. அடித்தும் பார்த்தார், கொஞ்சியும் பார்த்தார்.

"எறங்குங்கம்மா. கொஞ்ச தூரம் நடந்தா அதுக்குக் கோவம் ஆறிரும்."

"யாருக்குக் கோபம்?"

"குதிரைக்குத்தான். நேத்துலேர்ந்து எங்கூடப் பேச மாட்டேங்குது."

ஆகவே குற்றாலத்துக்கு நாங்கள் நடந்து போனோம். வண்டி காலியாக எங்கள் முன்னால் போயிற்று. அண்ணன் இழுத்து இழுத்து மூச்சு விடுவதைப் பார்த்து மைதீன் சொன்னார்: "இளைப்பா ஐயா? அருவியெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம். மொதல்ல கொரங்கு ரசாயனம் ஒரு பாட்டில் வாங்குங்க. எல்லாரும் அதத்தான் வாங்குதாவ."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

அருவிக்குப் போகிற கடைத்தெருவில், மங்குஸ்தான் பழக் கூடைகளுக்கு அடுத்தாற்போல் இருந்தது அந்தக் கடை. வாசல் கம்பத்தில் ஒரு கருங்குரங்கைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். உடம்பெல்லாம் கரி நிறம், தலையைச் சுற்றி மட்டும் பழுப்பு மயிர். கூரையிலிருந்து தண்ணீர் அதன் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. அது நகர்ந்து உட்காரப் பார்க்கும், சங்கிலி விடாது. கழுத்தில் இரும்பு வளையம் அறுத்து ரணமாகி, ஈ மொய்த்தது. வயிற்றோடு ஒரு குட்டி. தாய் கறுப்பு, குட்டி செம்பட்டை. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் முறுக்கையும் சுண்டலையும் அதன்மேல் விட்டெறிந்தார்கள். மரத்தின் தளிரைத் தின்று வாழ்கிற பிராணிக்கு முறுக்கு! அது தொடவில்லை. காலடியில் நனைந்து ஊறிக் கிடந்தது அவ்வளவும்.

தலைக்குமேல் பலகை: "அசல் கருங்குரங்கு ரசாயனம். இளைப்பு, காசம், கக்குவான், தாது நஷ்டம்." உலகத்திலுள்ள நோய்களில் பாதிக்கு ஒரே குரங்கு!

கடைக்காரர் தாணு வைத்தியர். நெற்றி நிறைய விபூதி, வெண்ணெய் போன்ற பேச்சு. அண்ணனின் மூச்சுச் சத்தம் காதில் விழுந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டார்.

"இது மரத்துக்கு மரம் தாவுத சாதி பாத்தீயளா? அதுக்கு இளைப்பே கெடையாது. அதோட மாமிசம் நம்ம ரத்தத்துல சேந்தா நமக்கும் இளைப்பு நிக்கும். வெள்ளிக்கெழம புதுப் பாகம் எறக்குதேன்."

"இதைக் கொன்றா?" என்று கேட்டேன்.

"கொல்லாம எப்பிடிம்மா?" என்று சிரித்தார்.

"குட்டியை?"

"அதுவும் மருந்துதான்."

குரங்கின் மாமிசத்தால் இளைப்பு நிற்கும் என்பதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது, நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறவள் என்று உரக்கவே சொன்னேன். பழக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். "வந்த இடத்தில் மானத்தை வாங்காதே, பாக்கியம்!" இழுத்துக்கொண்டு போனவர், நான் விடுதியில் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கும்போது நைசாகத் திரும்பிப் போய்ப் பழைய பாகத்தில் மிஞ்சியிருந்த ஒரு பாட்டிலை வாங்கி வந்தார். பிறந்ததிலிருந்து முட்டை கலந்த பிஸ்கட்டைக்கூடத் தொடாத சைவர்! கேட்டால், "மருந்துக்குத் தோஷமில்லை" என்றார்.

மறுநாள் பேரருவிக்குப் போனேன். தண்ணீர் தோளில் அறைந்தது சுகமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதன் கீழே நின்றுகொண்டு எனக்கு அந்த ரணக் கழுத்துதான் நினைவுக்கு வந்தது. பெண்கள் கரையில் தலை துவட்டிக்கொண்டிருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அந்த மருந்தை யாரும் வாங்காதீர்கள். நீங்கள் வாங்குவதால்தான் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வாங்குகிறவர் இல்லாவிட்டால் அதை யார் பிடிக்கப் போகிறார்கள்?"

ஒருத்தி சொன்னாள்: "காட்டுல கெடக்க கொரங்கு. ஒண்ணு போனா ஒண்ணு வரும்."

இன்னொருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க வேதக்காரவுளா?"

குரங்குக்கு இரக்கப்படக் கிறிஸ்து வேதத்தில் சேர வேண்டுமா என்ன! கொழும்பில் எங்கள் வீட்டுக் கூரைக்கும் கருங்குரங்கு வரும். ஓட்டைப் பெயர்க்கும், பலாப் பிஞ்சைக் கடித்துப் போடும். அடுத்த வீட்டுச் சிங்களக் கிழவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார். ஆனால் அதைப் பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இங்கேயோ அனுமாருக்கு வடைமாலை சாத்திவிட்டு வருகிற வழியிலேயே குரங்கு ரசாயனம் வாங்குகிறார்கள். இந்தப் பக்தியை எதில் சேர்ப்பது?

கோபத்தோடு திரும்பி வரும்போது அந்தக் கடை வாசலில் ஒரு பெண் குழந்தையோடு நின்றாள். இலஞ்சியில் வயல்காட்டுக் குடும்பம்; பெயர் வேலம்மாள். புருஷன் பட்டாளத்தில் இருந்தான். தோளில் கிடந்த பெண் குழந்தைக்குக் கக்குவான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்து முகம் நீலமாகிவிட்டது. பிடுங்கி வாங்கி, முன்பக்கம் சாய்த்துப் பிடித்து, தொண்டையில் கட்டியிருந்த கோழையை விரலால் எடுத்தேன். மூச்சு திரும்பிற்று. வேலம்மாள் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, வெள்ளிக்கெழம மருந்து குடுக்கேன்னு வைத்தியரு சொல்லுதாரு. அதுவரைக்கும் இது தாங்குமா?"

இந்த இடத்தில் என் வீராவேசமெல்லாம் அடங்கிப்போயிற்று. குளித்துவிட்டு வம்பு பேசுகிறவர்களிடம் குரங்குக்காக வாதாடலாம். பிள்ளை மூச்சடைத்து நிற்கிற தாயிடம் என்ன சொல்வது? அவளோடு இலஞ்சிக்குப் போனேன். சிறிது சிறிதாகப் பால் கொடு, இருமி வாந்தியெடுத்தால் உடனே மறுபடி கொடு, அடுப்புப் புகையில் வைக்காதே, வெயில் முகம் பார்க்க வை என்று காட்டிக் கொடுத்தேன். "நிச்சயம் பிழைக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். அந்தப் பாட்டிலால் பிழைக்காது என்று சத்தியம் பண்ணுவேன்" என்றேன். அவள் எனக்கு இலை விரித்தாள். கூட்டாஞ்சோறு போட்டாள். முருங்கைக்கீரையும் மாங்காயும் போட்டு, மேலே தேங்காயெண்ணெய் விட்டு, அவ்வளவு ருசியான சோற்றை நான் அதற்கு முன்பும் தின்றதில்லை, பின்பும் தின்றதில்லை. புறப்படும்போது மட்டும் கேட்டாள்: "அக்கா, அந்தக் கொரங்குக் குட்டி பால் குடிக்குதா?"

"குடிக்கிறது. தாய்க்குத்தான் தின்ன ஒன்றுமில்லை."

வியாழக்கிழமை காலையில் தென்காசிக்குப் போய்க் காட்டிலாகா அதிகாரி ஒருவரைப் பிடித்தேன். மரியாதையாக நாற்காலி கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தட்டிக்கழிக்க வழி கிடைத்த மலர்ச்சி.

"அம்மா, அது நம்ம காட்டுக் குரங்கு இல்லை. திருவிதாங்கூர் எல்லைக்கு அந்தப் பக்கம் பிடித்தது. அவங்க ராஜ்யத்துக் குரங்கு மேலே நான் எப்படிக் கை வைக்கிறது?"

"குரங்கு சொல்லிற்றா, எந்த ராஜ்யம் என்று?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெளியே வந்து மைதீனிடம், "செங்கோட்டைக்கு விடுங்கள், பாய்" என்றேன். செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமை. இலஞ்சி தாண்டினால் எல்லைச் சாவடி.

சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். பிறகுதான் பார்க்க வேண்டும் அந்த அக்கிரமத்தை! என் கைப்பையைக் கொட்டினார்கள். குடையை விரித்துப் பார்த்தார்கள். மைதீனின் மடியிலிருந்த வெற்றிலைச் சுருளைப் பிரித்து, உள்ளே இருந்த நகத்தளவு புகையிலையை முகர்ந்து பார்த்தார்கள். குதிரைக்கு வைத்திருந்த புல்லுக்குள்ளும் கைவிட்டுத் துழாவினார்கள். இவ்வளவு கண்ணும் கருத்துமான சாவடியைத் தாண்டி ஒரு தாய்க் குரங்கும் குட்டியும் எப்படிப் போயின?

சேவகரிடம் கேட்டேன். அவர் கூசாமல் சொன்னார்: "கூடையிலதாம்மா கொண்டு போவாவ. நாங்களும் பாப்போம். கொரங்குக்குத் தீர்வை கெடையாதுல்லா?"

உப்புக்கு உண்டு, புகையிலைக்கு உண்டு. உயிருக்குத்தான் இல்லை.

எல்லாவற்றையும் மறுபடி அள்ளிக்கொண்டு கிளம்பினால் சக்கரத்தின் கடையாணி கழன்று வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. மைதீன் ஆணியைத் தேடிக்கொண்டிருக்க, நான் ரோட்டோரச் சாயாக்கடையில் புட்டும் கடலையும் சாப்பிட்டேன். புளியறைப் பக்கமிருந்து பலாப்பழம் ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்: "முன்னேயெல்லாம் மலைப்பாதையில் வரும்போது விடியற்காலம் கருங்குரங்கு கூவும், அந்தச் சத்தத்தில்தான் மாடு பூட்டுவோம், இப்போது கோழி வளர்க்க வேண்டியிருக்கிறது என்று பேசுகிறார்கள்." அவர்கள் சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். நான் பாதிப் புட்டை வைத்துவிட்டு எழுந்தேன்.

செங்கோட்டை அதிகாரி பாதி மலையாளமும் பாதி தமிழுமாகத் தீர்ப்புச் சொன்னார்: "குரங்கு பிடிக்கிற ஆளைக் காட்டுக்குள்ளே கண்டால் பிடிக்கலாம். இப்போ அது பிரிட்டிஷ் ஸ்தலத்திலல்லே? தென்காசியில்தான் பறையணும்."

இந்தப் பக்கம் பிடிபட்டதால் அவருக்குப் பொறுப்பில்லை. அந்தப் பக்கம் விற்கப்படுவதால் இவருக்குப் பொறுப்பில்லை. இரண்டு ராஜ்யங்களும் கைகழுவிவிட்டன. கழுவுவதற்குத்தான் அருவி இருக்கிறதே!

திரும்பி வந்து நேரே தாணு வைத்தியர் கடைக்குப் போனேன். குரங்கு தலையைத் தொங்கப் போட்டிருந்தது. சென்னைப் பட்டணத்துப் பத்திரிகைகளுக்கெல்லாம் எழுதப் போகிறேன் என்று மிரட்டினேன். வைத்தியர் பயந்தவர்போலத் தெரியவில்லை. தங்கை அழுதால் சமாதானப்படுத்துகிற அண்ணனைப்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, என்னத்துக்கு இப்பிடி அலையுதீய? நீங்க படிச்சவுக, ஒங்ககிட்டச் சொல்லுதேன், வெளிய விடாதீய. நான் ஒரு கொரங்கயும் கொன்னதில்ல. பாட்டில்ல இருக்கது ஆட்டுக்கறி."

எனக்கு நம்ப முடியவில்லை. "பிறகு இது எதற்கு?"

"சனங்க நம்பணும்லா? வாசல்ல கொரங்கு நின்னாத்தான அசல்னு வாங்குவாக."

"போன வருஷம் கட்டியிருந்தது எங்கே?"

"அது செத்துப் போச்சு. இந்தச் சாரல்ல நனஞ்சா தாங்க மாட்டேங்குது, சவம். செத்தா வேற கொண்டாரச் சொல்லுவேன். சீசனுக்கு ரெண்டு மூணு ஆகும்."

என்னைச் சமாதானப்படுத்துவதற்காக இதைச் சொன்னார் அந்த மனிதர்! மருந்துக்கென்று கொன்றால்கூட ஒரு மூடநம்பிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். இவை விளம்பரப் பலகைக்காகச் செத்திருக்கின்றன. ஒரு நோயாளிக்கும் பயனில்லை, ஒரு வாய்க்கும் போகவில்லை. சும்மா நனைந்து, சும்மா செத்து, சும்மா தூக்கியெறியப்பட்டிருக்கின்றன.

விடுதிக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் மூன்றாவது வேளை ரசாயனத்தை நக்கிவிட்டுப் படுத்திருந்தார்.

"ஆடா?" என்றார்.

"ஆடு."

"ஐயோ!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், விடுதி முழுவதும் கதவு திறந்தது. முற்றத்தில் போய் வாந்தியெடுத்தார். "ஆட்டுக்கறியைக் கொடுத்துவிட்டானே! என் ஆசாரம் போச்சே!" பக்கத்து அறை மிராசுதார் ஓடி வந்தார், அவரிடமும் ஒரு பாட்டில் இருந்தது. எதிர் அறை வக்கீலிடம் இரண்டு. நான் அருவிக்கரையில் நின்று கத்திய கத்தலுக்கு அசையாத ஊர், அண்ணனின் ஒரே ஓங்கரிப்புக்கு எழுந்து நின்றது.

அரை நாழிகைக்குள் தாணு வைத்தியர் கடை முன்னால் கூட்டம். ஈர வேட்டியும் விபூதியுமாக மனிதர்கள் குதித்தார்கள்.

"ஏலே தாணு, எத்தன வருசமாலே எங்களுக்கு ஆட்டப் போட்டே?"

"அசல் கொரங்குன்னு நம்பித்தான வாங்குனோம்!"

"சண்டாளா, எங்க அப்பாவுக்குக் கடைசிக் காலத்துல குடுத்தனே!"

நான் நடுவில் போய் நின்றேன். "குரங்கைத் தின்றால் ஆசாரம் போகாது, ஆட்டைத் தின்றால்தான் போகுமா?"

மிராசுதார் பொறுமையாக எனக்கு விளக்கினார்: "அது மருந்தும்மா. இது மாமிசம்லா."

இத்தனை பேரில் ஒருவர் கண்ணும் கம்பத்தின் பக்கம் போகவில்லை. அவர்கள் கால்களுக்கு நடுவே, குட்டியை அணைத்துக்கொண்டு அந்தக் குரங்கு நடுங்கிக்கொண்டிருந்தது. இவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்வதா, அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது வேலம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வரை பொறுக்க மாட்டாமல் மருந்து கேட்க வந்தவள், வழியிலேயே விஷயத்தைக் கேட்டிருக்கிறாள். ஆசாரம், ஆடு என்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எம் புள்ள மூச்சுக்குத் தவிக்கும்போது என்னைய ஏமாத்துனீயே வைத்தியரே. அது கெடக்கட்டும். இந்தச் சங்கிலிச் சாவிய எடும்."

"நீ யாரும்மா எங்கிட்ட..."

"சாவிய எடும்ங்கேன்!"

கதிர் அறுத்துக் காய்த்துப்போன கை அது. வைத்தியர் சாவியைக் கொடுத்துவிட்டார். அவருக்கும் அந்தச் சாட்சி வாசலைவிட்டுப் போனால் போதுமென்று இருந்திருக்கும்.

பழக்காரி ஒருத்தி காலிக் கூடை கொடுத்தாள். மைதீன் கோணியைப் போட்டு அமுக்கிப் பிடித்தார். பதிலுக்கு அது அவர் முழங்கையைக் கிழித்துவிட்டது. வளையத்தை அறுத்தெடுக்கவே நேரமாயிற்று. ரணத்தைக் கழுவி மருந்து போட்டேன். பாயின் கைக்கும் போட்டேன். பொழுது சாய்வதற்குள் செண்பகாதேவி அருவிக்குப் போகிற பாதையில் ஏறினோம். மரங்கள் அடர்ந்த ஓர் இடத்தில் கூடையைச் சாய்த்தோம்.

அது உடனே ஓடவில்லை. கட்டுண்டு கிடந்த கால்கள். இரண்டடி வைத்து உட்கார்ந்தது. குட்டி தாயின் மார்பிலிருந்து எங்களைப் பார்த்தது. பிறகு தாய் ஒரு கொடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. அடுத்த கணம் அடிமரத்தில் இருந்தது, அதற்கடுத்த கணம் இலைக்குள் இருந்தது. எட்டி ஒரு தளிரைக் கிள்ளி வாயில் போட்டதைப் பார்த்தேன். அதன்பின் கிளை ஆடியதுதான் தெரிந்தது. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மனிதர்களிடம் பார்ப்பதற்கு அதற்கு இனி என்ன இருக்கிறது? அதன் கூட்டம் எங்கே இருக்கிறதோ, சேர்த்துக்கொள்ளுமோ, எனக்குத் தெரியாது. வேலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊருக்குப் புறப்பட்டோம். தாணு வைத்தியர் கடை பூட்டியிருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நாலு கடை தள்ளிப் போனதும் அந்தப் பெருமையெல்லாம் போயிற்று. இன்னொரு கடைக்காரர் ஏணியில் நின்று புதுப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார். எழுத்தின் மை இன்னும் காயவில்லை: "ஆடு கலப்பில்லாத அசல் கருங்குரங்கு ரசாயனம். நேரில் வந்து பார்க்கலாம்." கீழே கம்பத்தில் புதுச் சங்கிலி, அதன் நுனியில் ஓர் ஆண் குரங்கு. அதற்குள் இரண்டு பேர் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் விடுதி மிராசுதார்.

"ஜட்காவை நிறுத்துங்கள், பாய்."

"ரயிலுக்கு நேரமாகிறது, பாக்கியம்" என்றார் அண்ணன்.

"நாளைக்கும் ரயில் ஓடும்."

இறங்கிப் போய் அந்தக் கடைப் படியில், வருகிறவர் தாண்டித்தான் போக வேண்டும் என்கிறபடி நடுவில் உட்கார்ந்தேன். கடைக்காரர் ஏணியிலிருந்து கத்தினார். நான் எழுந்திருக்கவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னேன்: "வாங்காதீர்கள். நீங்கள் வாங்காவிட்டால் இதை நாளைக்கே அவிழ்த்துவிடுவார்." சிலர் சிரித்தார்கள். சிலர் வாங்கினார்கள். சிலர் குரங்கை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பழக்கடைப் பக்கம் போனார்கள். அப்படிப் போனவர்களில் முதல் ஆள் அருவிக்கரையில் என்னை வேதக்காரியா என்று கேட்டவள்.

உச்சிப்பொழுதில் வேலம்மாள் குழந்தையோடு வந்தாள். இரவில் இருமல் கொஞ்சம் அடங்கித் தூங்கியதாம். வேறொன்றும் கேட்காமல், சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணன் ஜட்காவிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இறங்கி வந்தார். இழுத்து இழுத்து மூச்சு வாங்கியபடி, தோளில் கிடந்த துண்டால் படியைத் தட்டிவிட்டு, மற்ற பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார்.